பால்நெற்றிக்கு வந்த சோதனை

மழை பிடித்துக்கொண்டால் எங்கள் அச்சகத்தில் முதலில் சளி பிடிப்பது தாளுக்குத்தான். காற்றிலிருக்கிற ஈரத்தையெல்லாம் குடித்துவிட்டு ஓரம் வளைந்து உப்பிப்போய்க் கிடக்கும். அந்தத் தாளை மெஷினில் விட்டால் நேற்று அடித்த நிறத்தின்மேல் இன்று அடிக்கிற நிறம் சரியாக உட்காராது. ஆட்டின் கண் ஒரு பக்கம், கருவிழி இன்னொரு பக்கம் என்று போய் நிற்கும். அதனால் மழை விடுகிறவரை மெஷின்காரர் மெஷினைத் தொட மாட்டார். துடைத்த இடத்தையே துணியால் துடைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக வானத்தைத் திட்டிக்கொண்டிருப்பார்.

அந்த முறை மழை மட்டும் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தால் இந்தக் கதையே கிடையாது. சிவப்பு அடித்த சூட்டோடு கறுப்பையும் அடித்து முடித்திருப்பார். வீடு இரண்டுபட்டிருக்காது, நானும் வாயை மூடிக்கொண்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். அப்படிச் சொன்னால் அந்தத் தெருவில் யாரும் நம்ப மாட்டார்கள், அது வேறு விஷயம்.

நான் அங்கே தாள் மடிக்கிறவள். மடிப்பது, பின் அடிப்பது, பசை தடவி அட்டை ஒட்டுவது எல்லாம் நான்தான். என் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. பசையக்கா என்றால் நாய்கூட வழி காட்டும். கையில் எப்போதும் கொஞ்சம் பசை காய்ந்திருக்கும். "கையில இருக்கறதுல பாதி வாயில இருந்தா ஊருக்கு நல்லது" என்பாள் மெஷின்காரரின் அக்கா.

கீழே அச்சகம், மேலே வீடு. வீட்டில் நாலே பேர். மெஷின்காரர், அவருடைய அக்கா, அவருடைய மனைவி, ஒரே மகள். மனைவி குழந்தைகளுக்குப் படப்புத்தகம் வரைகிறவள். படக்காரி என்றுதான் நான் கூப்பிடுவேன், அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள். அவள் வரைவாள், அவர் அச்சடிப்பார், நான் மடிப்பேன், அக்கா எங்கள் எல்லாருக்கும் சமைத்துப் போட்டுவிட்டு யார் செய்ததும் சரியில்லை என்பாள். மகளுக்கு எட்டு வயது. அவளுக்கு நான் வைத்த பெயர் வாலு. கண்ணை மூடித் திறப்பதற்குள் மை டப்பாவுக்குள் விரலை விட்டுவிட்டு, "நான் இல்ல" என்று பத்து விரலையும் நீட்டிக் காட்டுவாள்.

வாலு பிறந்தபோதே நெற்றிக்குமேல் ஒரு கொத்து முடி வெள்ளை. மற்றதெல்லாம் நல்ல கறுப்பு. அந்த ஒரு கொத்து மட்டும் பால் சிந்தினமாதிரி. நோய் ஒன்றும் இல்லை, சில பேருக்கு அப்படித்தான் என்று டாக்டர் அன்றைக்கே சொல்லிவிட்டார். டாக்டர் சொன்னால் போதுமா? பார்க்கிறவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு டாக்டர். வேண்டாத வைத்தியம் எல்லாம் சொல்லிவிட்டு, ஒருமுறை தொட்டும் பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

படக்காரி அதை வைத்து ஒரு புத்தகம் வரைந்தாள். கறுப்பு ஆட்டு மந்தை, அதில் ஒரு குட்டிக்கு மட்டும் நெற்றியில் வெள்ளை முடி. குட்டியின் பெயர் பால்நெற்றி. பதினாறே பக்கம், பக்கத்துக்கு ஒரு வரி. அந்தப் பதினாறு பக்கத்துக்கு அவள் இரண்டு வருடம் உட்கார்ந்தாள். ஒவ்வொரு ஆட்டுக்கும் ஒரு மூஞ்சி. ஒன்று சோம்பேறி, ஒன்று கோபக்காரி, ஒன்று யார் எதைத் தின்றாலும் எட்டிப் பார்க்கிற ரகம். அந்த எட்டிப் பார்க்கிற ஆட்டுக்கு மாதிரி நான்தான் என்று வாலு சொன்னாள். தன் நெற்றிதான் அந்தக் குட்டியின் நெற்றி என்பது அவள் மூளைக்கு எட்டவில்லை. ஆடு என்றால் ஆடு, அவ்வளவுதான் என்று இருந்தாள். அவள் அம்மாவும் புத்தகம் முடிந்ததும் கையில் கொடுத்துச் சந்தோஷப்படுத்தலாம் என்று இருந்துவிட்டாள்.

எங்கள் மெஷின் ஒரு நேரத்துக்கு ஒரு நிறம்தான் அடிக்கும். முதலில் மஞ்சள், அப்புறம் நீலம், அப்புறம் சிவப்பு, கடைசியில் கறுப்பு. வெள்ளைக்கு மை கிடையாது. மை படாமல் விட்ட இடம்தான் வெள்ளை. மூன்று நிறமும் தாளின் இரண்டு பக்கமும் அடித்து முடித்து, கறுப்புக்குக் காத்திருந்தபோதுதான் மழை பிடித்தது. ஆடுகள் எல்லாம் உயிர் வராமல், நீலமும் பழுப்புமாகப் பேய் மாதிரி நின்றன.

அந்த மழையில் குடை பிடித்துக்கொண்டு நூலகக்காரம்மா வந்தாள். குழந்தைகள் நூலகம் நடத்துகிறவள், புத்தகத்தை அடிக்கச் சொன்னதே அவள்தான். நல்ல மனுஷி. ஆனால் பேச ஆரம்பித்தால் சர்க்கரைப் பாகு. கேட்கிறவர்களுக்குக் கை கால் எல்லாம் பிசுபிசுத்துப் போகும். அந்த நேரம் பார்த்து வாலு பள்ளிக்கூடம் விட்டு, ஒரு ரொட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"ஹீரோயின் வந்தாச்சு!" என்றாள் நூலகக்காரம்மா.

வாலு பின்னால் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

"உன்னத்தான் கண்ணு. அம்மா சொல்லலையா? இந்தப் பால்நெற்றி நீதான்! நீ எவ்வளவு வித்தியாசமானவ, எவ்வளவு ஸ்பெஷல்னு எல்லாக் குழந்தைங்களும் தெரிஞ்சுக்கப் போறாங்க. முதல்ல உங்க வகுப்புலதான் படிக்கப் போறேன். உன்ன முன்னால நிக்க வெச்சு..."

படக்காரி கண்ணைக் காட்டினாள், கையைக் காட்டினாள், இருமினாள். பாகு நிற்கவில்லை. வாலு மேசையில் கிடந்த தாளைப் பார்த்தாள். எல்லா ஆட்டுத் தலையிலும் நிறம் இருந்தது. ஒரு தலையில் மட்டும் வெறும் தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கடித்த ரொட்டியை மெல்லக்கூட இல்லை.

"நான் ஒன்னும் ஸ்பெஷல் இல்ல," என்றாள். "நான் மூணாவது பெஞ்சு."

சொல்லிவிட்டு மாடிப்படியில் ஏறினாள். எட்டு வயசுக் காலா அது! ஒவ்வொரு படிக்கும் எங்கள் தலைமேல் தூசி கொட்டியது. அப்புறம் கதவு சாத்தின சத்தம். நூலகக்காரம்மா, "சந்தோஷத்துல ஓடிட்டா போல" என்றாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், மெஷின்காரர் என் கையில் டீ டம்ளரைத் திணித்துவிட்டார்.

மறுநாளும் மழை. மதியச் சாப்பாடு எனக்கு எப்போதும் மேலேதான். அக்கா சோறும் பருப்பும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்திருந்தாள். வெளியே மழை கொட்ட, உள்ளே வறுவல் வாசனை அடிக்க, வேறு நாளாக இருந்தால் சொர்க்கம். அன்றைக்கு ஆளாளுக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். வாலு பள்ளிக்கூடம் போகவில்லை. மழை என்று சாக்கு. மழை இல்லாவிட்டாலும் போக மாட்டேன் என்று அவளே சொல்லிவிட்டாள்.

"அந்தப் புத்தகம் வந்துச்சுன்னா நான் அந்தப் பள்ளிக்கூடத்துக்கே போக மாட்டேன். வேற பள்ளிக்கூடத்துல சேத்துவிடுங்க."

"உனக்காகத்தான்டி வரைஞ்சேன்," என்றாள் படக்காரி.

"நான் கேட்டனா?"

"நீ ஒண்ணாங்கிளாஸ்ல முதல் நாள் அழுதுக்கிட்டே வந்தியே, மறந்துட்டியா? கெழவின்னு கூப்புட்டாங்கன்னு. அன்னைக்குத்தான் நெனச்சேன், எம்பொண்ணு தலைய நிமுத்தி நடக்கற மாதிரி ஒரு புத்தகம் போடணும்னு."

"அது ஒண்ணாங்கிளாஸ்மா. ஒரு வாரம் கூப்புட்டாங்க. அப்புறம் அவங்களும் மறந்துட்டாங்க, நானும் மறந்துட்டேன். நீ மட்டுந்தான் மறக்கல."

படக்காரி கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். அங்கே எது பித்து எது கல்லு என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டு பேரையும் பார்க்கப் பாவமாக இருந்தது.

அக்காவுக்கு மட்டும் எல்லாம் விளங்கியது. "இதுக்குத்தான் நான் அப்பவே சொன்னேன். ஊரோட ஒத்து வாழணும். ஒரு டப்பா டை வாங்கித் தடவி விட்டிருந்தா வேலை முடிஞ்சுது. நான் இல்லையா? பதினாறு வயசுலருந்து அடிக்கிறேன், எவளாவது கண்டுபுடிச்சாளா?"

"உங்களுக்குமா அண்ணி?" என்று படக்காரி வாயைப் பிளந்தாள். கல்யாணமாகிப் பத்து வருடம். ஒரே வீடு, ஒரே சீப்பு. அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது என்பதுதான் எனக்குப் பெரிய அவமானமாகப் போயிற்று.

"எனக்குத் தெரியும்," என்றாள் வாலு, உருளைக்கிழங்கைப் பொறுக்கிக்கொண்டே. "மாசக் கடைசில அடியில வெள்ள தெரியும்."

அக்கா சட்டென்று தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "இது எங்க வீட்டுச் சொத்து. இவனுக்கும் இருந்துச்சு," என்று தம்பியைக் காட்டினாள். "கல்யாணத்துக்கு முன்னாடியே முடி கொட்டித் தப்பிச்சிட்டான்."

மெஷின்காரர் பளபளக்கிற மண்டையைத் தடவிக்கொண்டார். "எனக்குக் கறுப்பு வெள்ளைன்னு பாகுபாடே இல்லக்கா. மொத்தமா போயிடுச்சு."

சிரித்துவிட்டேன். படக்காரிக்கும் உதடு துடித்தது. வாலு மட்டும் சிரிக்கவில்லை.

"அத்தை, உங்களப் பத்தி யாராவது புத்தகம் போட்டாங்களா?"

"என்னப் பத்தி யாருடி போடப் போறா?"

"அதான் நிம்மதியா சாப்புடுறீங்க."

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அன்றும் மறுநாளும் பகல் முழுக்கக் கீழே தாள் கட்டுகளுக்கு நடுவில்தான் குடியிருந்தாள். அம்மா வந்தால் கட்டுக்குப் பின்னால் நகர்ந்துகொள்வாள். அம்மா போனதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தாள் ஓரங்களைச் சுருட்டுவாள். "வகுப்புல எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க பசையக்கா. டீச்சரும் பாப்பாங்க. எல்லாரும் அன்பா இருப்பாங்க. அது ரொம்பக் கஷ்டம்" என்றாள். அவள் சுருட்டிய ஓரங்களை ஒவ்வொன்றாக நீவி விட்டேன்.

இங்கே மெஷின்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தங்கமான மனுஷன். அந்தத் தங்கத்தில் ஒரே குறை, எதிரே நிற்கிறவர் என்ன கேட்டாலும் தலையை ஆட்டிவிடுவார். அக்கா உப்பு குறைவு என்றால் ஆமாம் என்பார், படக்காரி உப்பு அதிகம் என்றால் அதற்கும் ஆமாம் என்பார். மெஷின் முன்னால் நின்றால் மட்டும் புலி. மற்ற இடத்தில் பசுகூட இல்லை, கன்றுக்குட்டி.

மூன்றாம் நாள் சாயங்காலம் மழை ஓய்கிற மாதிரி இருந்தது. வாலு அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் இரண்டு அடி தள்ளித்தான் இருந்தேன்.

"அப்பா, கறுப்பு இன்னும் அடிக்கலல்ல?"

"இல்லம்மா."

"அப்ப அந்த வெள்ளைய மூடிடுப்பா. எல்லா ஆடு மாதிரியும் கறுப்பா ஆக்கிடு. யாருக்கும் தெரியாது."

அவர் அவளைப் பார்த்தார். கண் கலங்கியது எனக்கே தெரிந்தது. தலையை ஆட்டினார்.

அவள் படியேறிப் போன கொஞ்ச நேரத்தில் படக்காரி இறங்கி வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "அவ ஏதாவது கேட்டிருப்பா, எனக்குத் தெரியும். நீங்க எதையும் மாத்திடாதீங்க. அந்த வெள்ளை இல்லன்னா அது புத்தகமே இல்ல. பின்னால ஒரு நாள் அவ புரிஞ்சுக்குவா. சத்தியம் பண்ணுங்க."

அவர் தலையை ஆட்டினார்.

"தம்பி, ஒரு கழுத்துல எத்தனை தலைதான் ஆட்டுவே?" என்று நான் கேட்டேன். மெஷினைத் துடைக்கப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் வெயில். தெருவெல்லாம் ஆவி பறந்தது. ஜன்னலை எல்லாம் திறந்து வைத்து, தாளை விசிறி விட்டுக் காயவைத்தோம். மத்தியானத்துக்குள் தாள் சரியாகிவிட்டது. மெஷின் ஓட ஆரம்பித்தால் அந்தக் கட்டடத்துக்கே ஒரு நாடி வந்துவிடும். மேலே அலமாரியில் டம்ளர்கள்கூடத் தாளம் போடும். அன்றைக்குத் தாளின் ஒரு பக்கத்துக்குக் கறுப்பு அடித்தார். அடுத்த நாள், மை காய்ந்தபின், மறுபக்கம். இரண்டாம் நாள் காலையில் அச்சடிக்கிற பிளேட்டை மேசையில் போட்டு, ஒரு பேனாவை வைத்துக்கொண்டு குனிந்து என்னவோ செய்துகொண்டிருந்தார். விட்டுப்போன புள்ளியைப் பிளேட்டில் சேர்ப்பதற்கென்று ஒரு பேனா உண்டு. ஏதோ எழுத்து உடைந்திருக்கும், திருத்துகிறார் என்று நினைத்துக்கொண்டேன். சந்தேகம் என்பது எனக்குக் கூடப்பிறந்தது. அன்றைக்குப் பார்த்து அது லீவு போட்டுவிட்டது.

சாயங்காலம் தாள்கள் என் மேசைக்கு வந்தன. பெரிய தாள், ஒரு பக்கத்தில் எட்டுப் படம், மறுபக்கத்தில் எட்டுப் படம். மூன்று தரம் மடித்து, ஓரம் வெட்டினால் பதினாறு பக்கப் புத்தகம். முதல் தாளை எடுத்து மடித்தேன், கட்டையால் அழுத்தித் தேய்த்தேன், வெட்டினேன், புரட்டினேன்.

முதல் பக்கம். பால்நெற்றி, வெள்ளை முடியோடு. அழகு.

புரட்டினேன். பால்நெற்றி மலை ஏறுகிறாள். நெற்றி கறுப்பு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு புரட்டினேன். பால்நெற்றி ஓடையில் தண்ணீர் குடிக்கிறாள். நெற்றி வெள்ளை. அடுத்ததில் கறுப்பு. அதற்கடுத்ததில் வெள்ளை. புரட்டப் புரட்ட, ஒரு தரம் இருக்கிறது, ஒரு தரம் இல்லை.

"தம்பீ! இங்க வா!"

வந்தார். பார்த்தார். மண்டையில் வியர்வை முத்து முத்தாகப் பூத்தது.

"என்ன பண்ணே?"

"ரெண்டு பேருக்கும் சரின்னுட்டேனேக்கா. அதான் தாள்ல ஒரு பக்கம் அவ சொன்னபடி, மறுபக்கம் இவ சொன்னபடி..."

"மடிச்சா மாறி மாறி வருமேப்பா! இருபது வருஷமா மெஷின் ஓட்டற ஆளுக்கு இது தெரியாதா?"

"தெரியும். அந்த நேரத்துல மூளை ஓடலக்கா. முன்பாதி அம்மாவுக்கு, பின்பாதி பொண்ணுக்குன்னுதான் மனசுல இருந்துச்சு. தாளத்தான் பாத்தேன். புத்தகத்த நெனைக்கல."

அதுதான் அவர். மெஷின்காரருக்குத் தாள் தெரியும், மடித்தபின் என்ன ஆகும் என்பது என் வீட்டுக் கவலை. ஆளுக்கொரு பக்கம் என்று பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார். நியாயமான பங்கு. உலகத்தில் யாருக்கும் உபயோகப்படாத பங்கு.

என் சத்தம் கேட்டுப் படக்காரியும் அக்காவும் இறங்கி வந்தார்கள். படக்காரி புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள். முதல் தரம் மெதுவாக, இரண்டாம் தரம் வேகமாக.

"பதினாறு பக்கத்துல எட்டுப் பக்கமா?" என்றாள். "முழுசா ஏமாத்தக்கூடத் தெரியலயா உங்களுக்கு?"

"நான் வேணும்னா..."

"ஒன்னும் வேணாம். ரெண்டு வருஷம். ரெண்டு வருஷம் இந்த ஆட்டோட குடும்பம் நடத்தினேன்." முக்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். நாளை மறுநாள் வகுப்பில் படிக்க வேண்டும். மறுபடி மஞ்சளிலிருந்து ஆரம்பிக்க நேரம் இல்லை. அக்கா, "நான் அப்பவே" என்று ஆரம்பித்தாள். "நீங்க எப்பவுமே அப்பவே சொல்லிடுவீங்க, இப்ப சும்மா இருங்க" என்று அடக்கினேன்.

தாள் கட்டுக்குப் பின்னாலிருந்து வாலு எழுந்து வந்தாள். அம்மாவைச் சுற்றிக்கொண்டு போய் அந்தப் புத்தகத்தை எடுத்தாள். கீழே உட்கார்ந்து புரட்டினாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பின்னாலிருந்து முன்னால் புரட்டினாள். மறுபடி முன்னாலிருந்து. ஒரு பக்கத்தில் நிறுத்தி, எழுத்துக்கூட்டாமல் கடகடவென்று வாசித்தாள்.

"'என் நெற்றியைப் பாருங்கள், நிலா உட்கார்ந்திருக்கிறது.' அம்மா, நிலா எங்க?"

"உங்கப்பா முழுங்கிட்டாரு," என்றாள் படக்காரி, கைக்குள்ளிருந்தே.

வாலு அந்தக் கறுப்பு நெற்றியை உற்றுப் பார்த்தாள். "இன்னைக்கு அமாவாச போல," என்றாள்.

முதலில் அக்காதான் சிரித்தாள். அப்புறம் நான். அப்புறம் வாலுவே தான் சொன்னதைக் கேட்டு விக்கி விக்கிச் சிரித்தாள். ஐந்து நாளாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு. மெஷின்காரர் சிரிக்கலாமா கூடாதா என்று மனைவியைப் பார்த்தார். படக்காரி முகத்திலிருந்து கையை எடுத்தாள். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு.

எழுந்து வந்து மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"உன்னக் கேக்காம வரைஞ்சது தப்புதான்டி. உனக்காகன்னு சொன்னேன். பாதி எனக்காகத்தான். உன்ன யாராவது ஏதாவது சொல்லிடுவாங்களோன்னு எனக்குத்தான் பயம்."

வாலு புத்தகத்தின் மூலையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"இப்ப கேக்கறேன். இது வெளிய போக வேணாம்னா வேணாம். எல்லாத்தையும் எடைக்குப் போட்டுடலாம். அந்த அம்மாகிட்ட நான் பேசிக்கறேன். நெஜமாத்தான் சொல்றேன்."

நிஜமாகத்தான் சொன்னாள். மேசை நிறைய அவளுடைய இரண்டு வருடம் கிடந்தது. அதை எட்டு வயசுப் பிள்ளை மடியில் வைத்துவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தாள். எடைக்குப் போடு என்று வாலு சொல்லிவிட்டால் அந்தத் தாளைக் கட்டித் தூக்கிப் போட வேண்டியவள் நான்.

"எதுக்கு எடைக்குப் போடணும்?" என்றாள் வாலு. "நல்லாத்தானே இருக்கு. எனக்கும் இப்படி இருந்தா எவ்வளவு நல்லாருக்கும். மழையில நனையறப்ப இருக்கலாம், கண்ணாடி பாக்கறப்ப இருக்கலாம். கல்யாண வீட்டுக்குப் போறப்ப இருக்க வேணாம். அங்கதான் எல்லாரும் தொட்டுத் தொட்டுப் பாப்பாங்க."

"அப்ப குடுக்கலாமா?"

"குடு. ஆனா நான் முன்னால நிக்க மாட்டேன். அந்தம்மா ஸ்பெஷல்னு சொல்லக் கூடாது. நீயும் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

"மனசுக்குள்ள?"

படக்காரி கொஞ்சம் யோசித்தாள். "மனசுக்குள்ள மட்டும் விட்டுடேன்."

"சரி," என்றாள் வாலு. பெரிய மனசு பண்ணி.

அன்று மாலையும் மறுநாளும் உட்கார்ந்து மடித்தோம். அக்கா பின் அடித்தாள், படக்காரி அட்டைக்குப் பசை தடவினாள், மெஷின்காரர் நான் சொன்ன இடத்தில் நின்று சொன்னதைத் தூக்கினார். வாலு வேலை செய்ததைவிட புத்தகத்தைப் புரட்டி, "இருக்கு, இல்ல, இருக்கு, இல்ல" என்று எங்களுக்குப் பைத்தியம் பிடிக்க வைத்ததுதான் அதிகம்.

வகுப்புக்குப் புத்தகக் கட்டுகளோடு நானும் படக்காரியும் போனோம். கடைசிச் சுவரோரம் நின்றோம். நாற்பது பிள்ளைகள், காலைத் தூறலில் நனைந்த செருப்பு வாசனை, ஜன்னலில் காய்கிற இரண்டு குடை. வாலு தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். எங்களைத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

நூலகக்காரம்மா புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தாள். "குழந்தைகளே, இந்தப் புத்தகம் நமக்கு என்ன சொல்லுதுன்னா, நம்ம ஒவ்வொருத்தரும்..."

"படிங்கம்மா, போதும்," என்றாள் படக்காரி பின்னாலிருந்து. சத்தமாகவே சொல்லிவிட்டாள். நூலகக்காரம்மா விழித்தாள், அப்புறம் படித்தாள்.

முதல் பக்கத்தில் பிள்ளைகள் சும்மா இருந்தார்கள். இரண்டு மூன்று தலை வாலுவின் பக்கம் திரும்பியது. புரட்டினாள். "ஐயோ, எங்க போச்சு?" என்று ஒரு குரல். புரட்டினாள். "வந்துடுச்சு!" மறுபடி புரட்டினாள். "போயிடுச்சு!" நாலாவது புரட்டலில் நாற்பது வாயும் சேர்ந்து கத்தியது. நிலாப் பக்கத்தில் ஒரு பையன் பெஞ்சுமேலேயே ஏறிவிட்டான். பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, சண்டை இல்லை என்று தெரிந்ததும் போனாள்.

அப்போதுதான் முன்னாலிருந்த ஒரு பெண் திரும்பி வாலுவைக் கேட்டாள். "உன்னோடது மட்டும் ஏன் எப்பவும் இருக்கு?"

வகுப்பு அடங்கியது. எல்லாத் தலையும் திரும்பியது. படக்காரியின் விரல்கள் என் கையைப் பிடித்து நெரித்தன. அவள் உடம்பு முன்னால் போகப் பார்த்தது, அவளாகவே நிறுத்திக்கொண்டாள்.

வாலு உள்ளங்கையை நெற்றியில் பட்டென்று அப்பினாள்.

"இப்ப?"

"இல்ல!"

கையை எடுத்தாள். "இப்ப?"

"இருக்கு!"

அதற்கப்புறம் யார் பிடிப்பது? பக்கத்துப் பெஞ்சுக்காரன் தன் விடைத்த காதை மூடி, "இப்ப?" என்றான். பல் விழுந்த ஒருத்தி வாயை மூடித் திறந்தாள். ஒருவன் சட்டைக்குள் தலையையே இழுத்துக்கொண்டான். நூலகக்காரம்மா கைதட்டி அடக்கப் பார்த்து, தானும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மாட்ட ஆரம்பித்துவிட்டாள். "இன்னொரு வாட்டி, இன்னொரு வாட்டி" என்று எல்லாரும் வாலுவைக் கேட்டார்கள். இன்னொரு தரம் செய்தாள். மூன்றாவது தரம் கேட்டபோது கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"போதும். கடை மூடியாச்சு," என்றாள். "அடுத்த பக்கம் படிங்க மிஸ்."

அவ்வளவுதான். பிள்ளைகள் முன்னால் திரும்பிவிட்டார்கள். புத்தகத்தில் என்ன வரப்போகிறது என்பதுதான் அவர்களுக்கு அப்போது பெரிது. வாலுவும் திரும்பி, எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் நாற்பது பின்னந்தலை, நாற்பதும் கறுப்பு.

"எதுடி நம்ம வாலு?" என்று கேட்டேன். நிஜமாகவே எனக்குச் சட்டென்று தெரியவில்லை.

"என்னக்கா, இதுகூடத் தெரியலயா?" என்று படக்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கீழ பாருங்க. ஒருத்தி மட்டும் கால ஆட்டிக்கிட்டே இருக்கா பாருங்க. அதான்."